நனைஞ்ச தீக்குச்சிக்குத் தர வேண்டிய நாற்பதாயிரம்

மோட்டார்க்காரருக்கு அவருடைய அறுபத்திரண்டு வயதில் ஒரே ஒரு கடன்தான் இருந்தது. தொகை நாற்பதாயிரம். வாங்கிப் பதினாலு வருஷம். கொடுத்தவர் பேர் நனைஞ்ச தீக்குச்சி.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பேர் அதுதான். அதற்கு மேல் அந்த ஆளைப் பற்றி மோட்டார்க்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஊர் தெரியாது, முகம் தெரியாது, நெட்டையா குட்டையா தெரியாது. தெரிந்திருந்தால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே நேரில் போய்க் கையில் வைத்துவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு வந்திருப்பார். கடனை வைத்துக்கொண்டு குறட்டை விடுகிற ஆள் இல்லை அவர்.

அவருடைய கடை மூன்று தெருக்கள் கூடுகிற முனையில் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு சுவரில் எரிந்துபோன மோட்டார்களின் இரும்புக் கூடுகள் மாலை மாலையாகத் தொங்கும். மேசைக்கடியில் செம்புக் கம்பியின் துண்டு துணுக்குகள் சுருண்டு கிடக்கும். உள்ளே நுழைந்ததும் வார்னிஷ் வாசனை மூக்கைப் பிடிக்கும். பத்து நிமிஷம் நின்றால் பழகிவிடும். முப்பது வருஷம் நின்றால் அது இல்லாத இடத்தில் மூச்சு முட்டும். அந்த வட்டாரத்தில் அவர் கை படாத மோட்டார் ஒன்று இருந்தால் அது இன்னும் கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம். தண்ணீர் ஏற்றுகிற பம்பு, துணி துவைக்கிற எந்திரம், மாவு பிசைகிற எந்திரம், எதுவாக இருந்தாலும் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்து, காயில் என்கிற கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றி ஓடவிட்டுவிடுவார். இதையெல்லாம் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. படித்தது ஆறாம் வகுப்பு. அதிலும் கணக்கில் பெயில்.

"கணக்குல பெயிலான கைதான் இது. ஒரு சுத்து கூடாது, ஒரு சுத்து குறையாது," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையை விரித்துக் காட்டுவார்.

"காட்டுனது போதும், காயில் ரெடியாச்சான்னு கேக்குறாங்க," என்று அவர் மனைவி உள்ளிருந்து குரல் கொடுப்பார். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. ஆகையால் மோட்டார்க்காரர் அடிக்கிற பெருமை ஒன்றுவிடாமல் அந்த அம்மாவின் காதில் விழும். முப்பது வருஷமாக விழுகிறது. அந்தப் பெருமைகளில் பெரிது ஒன்று உண்டு: "இந்தக் கடையில அடுத்தவன் காசு ஒரு காசு கிடையாது." அதைச் சொல்லும்போது மட்டும் பதினாலு வருஷமாக அவர் குரல் அரைச் சுருதி இறங்கும். காரணம் அந்த நாற்பதாயிரம்.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், மகள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் பழைய கணினி ஒன்று வீட்டுக்கு வந்தது. "அப்பா, இதுல மோட்டார் ரிப்பேர் பண்றவங்களுக்குன்னே ஒரு மன்றம் இருக்கு, நம்ம மொழியிலயே பேசிக்குறாங்க," என்று அவள் ஒரு நாள் திறந்து காட்டினாள். முகம் இல்லாத ஒரு இருநூறு பேர் எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு பம்புக்கும் மின்விசிறிக்கும் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மன்றத்தை நடத்தியவரைச் சாவிக்காரர் என்பார்கள். அவர் முகப்பிலேயே எழுதிவைத்திருந்தார்: பேர் கேட்காதே, ஊர் கேட்காதே, நோயை மட்டும் கேள். அதனால் எல்லோரும் புனைபேரில்தான் வருவார்கள். துருப்பிடிச்ச ஆணி என்று ஒருவர். ஒத்தக்கண் டெஸ்டர் என்று ஒருவர்.

மோட்டார்க்காரர் யோசிக்கவே இல்லை. "எல்லாரும் பேருக்குப் பின்னாடி பட்டம் போடுறான். நான் பட்டத்தையே பேரா போடுறேன்," என்று ஆறாங்கிளாஸ் என்று வைத்துக்கொண்டார்.

ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவார். அந்தக் காலத்தில் படம் அனுப்புவதெல்லாம் பெரும்பாடு. ஆகவே மன்றத்தில் ஒரு பழக்கம் உண்டாயிற்று: மோட்டார் போடுகிற சத்தத்தை எழுத்திலே எழுத வேண்டும். 'ங்ங்ங்ங்ம்' என்று இழுத்தால் ஒரு நோய். 'கிர்ர்ர், டொக், டொக்' என்றால் வேறு நோய். பெரிய பெரிய ஆட்கள் வாயைக் கோணிக் கோணிச் சத்தம் போட்டுப் பார்த்து, அதை எழுத்துக்கூட்டி எழுதுவார்கள். ஆறாங்கிளாஸ் படித்த படிப்பு முதன்முதலாக அங்கேதான் பயன்பட்டது.

அந்தச் சத்தங்களைப் படித்து நோயைச் சரியாகச் சொல்வதில் இரண்டு பேர்தான் மன்னர்கள். ஒருவர் ஆறாங்கிளாஸ். இன்னொருவர் நனைஞ்ச தீக்குச்சி. இவரிடம் வணக்கம், வந்தனம் எதுவும் கிடையாது. யாராவது தப்பாக ஒரு வைத்தியம் சொல்லிவிட்டால் போதும், காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து வந்துவிடுவார். 'தப்பு' என்று ஒரு வார்த்தை. அடுத்த வரியில் சரியான வைத்தியம். அவ்வளவுதான், ஆள் போய்விடுவார். ஆறாங்கிளாஸ் அவரை "அண்ணே" என்றுதான் எழுதுவார். வேறு யாரையும் அப்படி எழுதியது இல்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காரியம் நடந்தது. கம்பி சுற்றின மோட்டாரை வார்னிஷில் முக்கி அடுப்பில் வைத்துச் சுட வேண்டும். அப்போதுதான் கம்பி இறுகும். மோட்டார்க்காரர் பழைய இரும்பு அலமாரி ஒன்றில் ஹீட்டர் பொருத்தித் தானே ஒரு அடுப்பு செய்திருந்தார். சலவைக்கூடம் ஒன்றின் மூன்று பெரிய மோட்டார்களை அதில் வைத்துவிட்டு, பக்கத்து முடிதிருத்தும் கடைக்குப் போய் உட்கார்ந்து, அந்த அடுப்பை எப்படிச் செய்தார் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்பின் பெருமை முடிவதற்குள் அடுப்பு முடிந்துபோயிற்று. மூன்று மோட்டாரும் கரிக்கட்டை. நாலே நாளில் புது மோட்டார் வாங்கிக் கொடுக்காவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்றார் சலவைக்கூடத்துக்காரர்.

இதைத் தெருவில் யாரிடம் சொல்ல முடியும்? பெண்டாட்டியிடம்தான் சொல்ல முடியுமா? பேர் தெரிந்த இடத்தில் மீசையை முறுக்கத்தான் முடியும், அழ முடியாது. மன்றத்தில் அவர் வெறும் ஆறாங்கிளாஸ். அங்கே எழுதினார்: 'என் வாய்க்கொழுப்பில் என் அடுப்பை நானே எரித்தேன். தப்பு என்னுடையது. நாற்பதாயிரம் வேண்டும். கடையை விற்கப் போகிறேன். யாருக்காவது கருவிகள் வேண்டுமா?'

இரண்டாம் நாள் நனைஞ்ச தீக்குச்சியிடமிருந்து தனிச்செய்தி வந்தது. 'உங்க பக்கத்துல எந்த பார்சல் ஆபீசு பெருசு?' மறுநாள் இன்னொன்று. 'போய் வாங்கிக்கோ.'

போனார். பார்சல் குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பேரு?"

"ஆறாங்கிளாஸ்."

"எத்தனாவது படிச்சீங்கன்னு கேக்கலைங்க. பேரு, பேரு."

"அதான் பேரு."

குமாஸ்தா ஒரு பெட்டியைத் தேடி எடுத்தார். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இதுல என்னமோ கேள்வி போட்டிருக்கு. பதில் சொல்ற ஆளுகிட்டத்தான் குடுக்கணுமாம். இருபத்தி நாலு காடி, நாலு போலு, ஒரு போலுக்கு எத்தனை காடி? என்ன எழவுய்யா இது?"

"ஆறு," என்றார் மோட்டார்க்காரர். கணக்கில் பெயிலான மனிதர் கண் கலங்கினது அந்த ஒரு கணக்குக்குத்தான். பெட்டிக்குள் நாற்பதாயிரம் இருந்தது, கடை தப்பியது.

இரண்டே வருஷத்தில் அந்தப் பணத்தைச் சேர்த்துவிட்டார். 'அண்ணே, காசு ரெடி. எங்க அனுப்ப?' என்று எழுதினார். 'அவசரம் இல்ல. மோட்டாரப் பாரு,' என்று பதில் வந்தது. நாலு மாதம் கழித்துக் கேட்டார், அதே பதில். பேர் கேட்காதே, ஊர் கேட்காதே என்பது மன்றத்தின் சட்டம். சட்டத்தை மீறி எப்படிக் கேட்பது? பணம் ஒரு பழைய வார்னிஷ் டப்பாவில் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. பழைய நோட்டு செல்லாமல் போனபோது மட்டும் எடுத்துப் புது நோட்டாக மாற்றி வைத்தார்.

இதற்கு நடுவில் மன்றத்துக்குக் கெட்ட காலம் வந்தது. ஆளாளுக்குக் கைப்பேசி வந்தது. மோட்டாரைக் கண்ணால் பார்க்காதவனெல்லாம் உள்ளே வந்தான். முன்பு பேர் இல்லாததால் மனிதர்கள் தங்கள் குறையை வெட்கமில்லாமல் சொன்னார்கள். இவர்கள் பேர் இல்லாததால் அடுத்தவன் குறையை வெட்கமில்லாமல் சொன்னார்கள். ஒரே ஆள் ஐந்து பேரில் வந்து தன்னையே பாராட்டிக்கொள்வான். சாவிக்காரர் ஒருவனை வாசல் வழியே துரத்தினால் அவன் வேறு பேரில் ஜன்னல் வழியே வருவான். நல்ல ஆட்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கறுப்புக்கண்ணாடி என்று ஒருவன், நனைஞ்ச தீக்குச்சி சொன்ன ஒரு வைத்தியத்தில் வந்து வம்பு பண்ணினான். 'நீ ஆம்பளையா இருந்தா ஊர் பேரோட வா,' என்று எழுதினான். மோட்டார்க்காரருக்கு ரத்தம் கொதித்தது. ஒற்றை விரலாலேயே மூன்று மணி நேரம் சண்டை போட்டார். 'யாரப் பாத்துடா கேக்குற? எங்க அண்ணன் ஆயிரம் ஆம்பளைக்குச் சமம்டா!' என்று எழுதினார். சண்டையில் ஜெயித்தார், அதில் சந்தேகமில்லை. கறுப்புக்கண்ணாடி ஓடிவிட்டான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் நனைஞ்ச தீக்குச்சியும் இல்லை. அதன் பிறகு வரவே இல்லை. தனிச்செய்தி அனுப்பி அனுப்பிப் பார்த்தார். 'இவருடைய பெட்டி நிரம்பிவிட்டது' என்று கணினி கையை விரித்தது.

இப்படியிருக்க, சாவிக்காரர் போன மாதம் ஒரு அறிவிப்புப் போட்டார். 'மன்றத்துக்கு ஆள் இல்லை. வாடகை கட்டவும் எனக்கு இனி தெம்பு இல்லை. இன்னும் ஒன்பது நாளில் பூட்டுகிறேன்.'

மோட்டார்க்காரர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மன்றம் போனால் அந்த ஆளைப் பிடிக்க உலகத்தில் வேறு கதவே கிடையாது. அறுபத்திரண்டு வயது வரைக்கும் கட்டின பெருமை முழுக்கக் கடன்காரன் பெருமை என்று ஆகிவிடும். செத்தாலும் கடன்காரனாகத்தான் சாக வேண்டும்.

உடனே எழுதினார்: 'நனைஞ்ச தீக்குச்சிக்கு நான் நாற்பதாயிரம் தர வேண்டும். எங்கிருந்தாலும் வரவும்.'

புத்திசாலி செய்கிற வேலையா அது? மறுநாள் காலைக்குள் பதினோரு நனைஞ்ச தீக்குச்சிகள் வந்து நின்றார்கள். 'உண்மையான நனைஞ்ச தீக்குச்சி' என்று ஒருவன். 'நனைஞ்ச தீக்குச்சி பழையவன்' என்று ஒருவன். 'நனைஞ்ச தீக்குச்சியின் மகன்' என்று ஒருவன் வந்து, அப்பா காலமாகிவிட்டார், பணத்தை இந்தக் கணக்கில் போடுங்கள் என்றான். மோட்டார்க்காரர் பாதி நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, 'தம்பி, அப்பா கடைசியா என்ன மோட்டார் சுத்திட்டு இருந்தார்?' என்று கேட்டார். 'பெட்ரோல் மோட்டார்,' என்று பதில் வந்தது. பெட்ரோலில் ஓடுகிறதில் சுற்றுவதற்குக் கம்பி ஏது? மோட்டார்க்காரர் எழுந்து போய் இரண்டு வேளைச் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிட்டார்.

அப்போதுதான் மனைவி கேட்டார். "என்ன, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே சாப்பிடுறீங்க? அந்த நாற்பதாயிரமா?"

மோட்டார்க்காரருக்குப் புரையேறியது. "எந்த நாற்பதாயிரம்?"

"அலமாரிக்குப் பின்னாடி டப்பாவுல இருக்கே, அது. வருஷா வருஷம் தூசி தட்டி வெக்கிறவ நான்தானே. அடுப்பு எரிஞ்ச அன்னைக்கு நீங்க புகைய மறைச்சீங்க, வாசனைய மறைக்க முடிஞ்சுதா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டே தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.

"காசு குடுக்கிறேன்னு கத்தினா ஈதான் மொய்க்கும்," என்றார். "அந்த ஆளு எப்ப வருவாருன்னு நீங்களே சொல்றீங்களே. யாராவது தப்பா சொன்னா ஓடி வருவாருன்னு."

"ஆமா."

"அப்ப நீங்க ஒரு தப்பு சொல்லுங்க."

"யாரு? நானா?"

"நீங்கதான். வேற எவன் சொன்னாலும் கண்டுக்காம போயிடுவாரு. ஆறாங்கிளாஸ் சொன்னா வராம இருப்பாரா?"

"பதினாறு வருஷம்டி! ஒரு வைத்தியம் தப்பா சொன்னது கிடையாது நான். சாகிறப்போ போய்ச் சாணிய மிதிக்கச் சொல்றியா?"

"கால கழுவிக்கலாம். கடன கழுவ முடியுமா?"

இரண்டு நாள் மோட்டார்க்காரர் அந்தத் திரைச்சீலையைத் தாண்டி உள்ளே வரும்போதெல்லாம் மனைவியை முறைத்தார். மன்றம் பூட்ட ஐந்து நாள்தான் இருந்தது. தப்பு சொல்வது என்றாலும் சும்மாவா? ஃபியூஸில் தடிக் கம்பி போடு என்று எழுதினால் எவனாவது கேட்டு வீட்டைக் கொளுத்திக்கொள்வான். ஒருவனுக்கும் கெடுதல் வரக் கூடாது. ஆனால் கேட்டவன் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும். அப்படி ஒரு தப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவும் தொழில் தெரிய வேண்டாமா?

மோட்டார் சில சமயம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதற்கு வைத்தியம் இரண்டு நிமிஷ வேலை. உள்ளேயிருந்து வருகிற கம்பிகளில் இரண்டு முனையை இடம் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. கடையைப் பெருக்க வருகிறவருக்குக்கூடத் தெரியும். மோட்டார்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்:

'மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் ஒரே வழிதான். கம்பி முழுவதையும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். இப்படிக்கு ஆறாங்கிளாஸ்.'

அனுப்புகிற பொத்தானை அவர் அழுத்தவில்லை. மனைவிதான் அவர் விரலைப் பிடித்து அழுத்தினார்.

பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பதினோராவது நிமிஷம் துருப்பிடிச்ச ஆணி வந்தார். மூன்று வருஷமாக ஆளைக் காணோம், எங்கே இருந்தாரோ. 'ஆறாங்கிளாஸ், அஞ்சாங்கிளாஸுக்கு இறக்கிட்டாங்களா?' என்றார். அவர் யாருக்குச் சொல்லியனுப்பினாரோ, சாயங்காலத்துக்குள் ஒத்தக்கண் டெஸ்டர் வந்தார். 'என் ரெண்டாவது கண்ணும் போச்சுன்னு நினைச்சேன், கண்ணாடியத் தொடச்சிட்டுப் படிச்சாலும் இதான் எழுதியிருக்கு!' அப்புறம் செத்துப்போனார்கள் என்று நினைத்த பேரெல்லாம் வரிசையாக எழுந்து வந்தது. 'சட்டைய மாத்திப் போட்டா துணிய நெய்யணுமா ஆறாங்கிளாஸ்?' 'வண்டி ரிவர்ஸ்ல போனா ரோட்டப் பேத்துப் போடுவாரோ?' ஒரே நாளில் நூற்று நாற்பது செய்திகள். சாவிக்காரரே வந்து, 'பத்து வருஷத்துல இப்படி ஒரு கூட்டம் பாக்கல. இந்தத் தப்ப அஞ்சு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?' என்று எழுதினார்.

மகள் வேலையிடத்திலிருந்து போன் பண்ணி, "அப்பா, உங்க மானம் கப்பலேறுது," என்று சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்.

"ஏறட்டும். துறைமுகத்துல நான்தான் நின்னு வழியனுப்புறேன்," என்றார் மோட்டார்க்காரர். ஆனால் ஒவ்வொரு கேலியையும் இரண்டு தடவை படித்தார். மனைவி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நல்லதாக வந்த கேலிகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வாடிக்கையாளர் இரண்டு பேர் காயில் வாங்க வந்து, சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு, காயிலை மறந்துவிட்டு நின்றார்கள்.

இரண்டு நாள் போயிற்று. எல்லோரும் வந்தார்கள். அவர் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், மோட்டார்க்காரர் ஒரு பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஆறு வருஷமாக மங்கிக் கிடந்த பழைய பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. மூன்று வரி.

'தப்பு.
ஸ்டார்ட்டிங் காயில் முனை ரெண்டையும் மாத்திப் போடு.
ஆறாங்கிளாஸ், உடம்புக்கு என்ன?'

மூன்றாவது வரியைப் படித்துவிட்டு மோட்டார்க்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். ஊரே சிரித்தது. இந்த ஆள் ஒருவர்தான், இவன் தப்பு சொல்கிறவன் இல்லையே, உடம்பு சரியில்லையோ என்று பயந்திருக்கிறார்.

'உடம்பு இரும்பு மாதிரி இருக்கு அண்ணே. உங்கள வரவைக்கத்தான் எழுதினேன். கடனைத் திருப்பணும். சட்டத்த மீறிக் கேக்குறேன், மன்னிக்கணும். எந்த ஊரு?' என்று எழுதினார். எழுதிய கையோடு பொது இடத்திலும் ஒரு செய்தி போட்டார்: 'அந்தத் தப்பை நான் வேண்டுமென்றேதான் சொன்னேன். எனக்குச் சரியான வைத்தியம் தெரியும்.'

அதை ஒருவரும் நம்பவில்லை. 'சமாளிக்காதீங்க அஞ்சாங்கிளாஸ்,' என்றார் துருப்பிடிச்ச ஆணி. மன்றம் பூட்டுகிற நிமிஷம் வரைக்கும் ஒருவரும் நம்பவில்லை. பதினாறு வருஷத்து மானம், இரண்டு நிமிஷ வேலைக்கு மோட்டாரையே உருவச் சொன்னவன் என்கிற பேரோடு பூட்டுக்குள் போயிற்று. இன்றைக்கும் அது மட்டும் அவருக்கு ஆறவில்லை.

பூட்டுகிற நாளன்று காலையில் பதில் வந்தது. ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஒரு போன் நம்பர் மட்டும். மோட்டார்க்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அழைத்தார். ஒரு பெண் எடுத்தார்.

"அம்மா, அண்ணன் இருக்காருங்களா?"

"எந்த அண்ணன்?"

"நனைஞ்ச... அதாவது, மோட்டார் மன்றத்துல எழுதுவாரே, அவருங்க. ஆறாங்கிளாஸ் பேசுறேன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு, இருமலோடு சேர்ந்து வந்தது.

"அண்ணன்தான் பேசுறேன். சொல்லுங்க."

மோட்டார்க்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். திரும்பக் காதில் வைத்தார். "நீங்களா?"

"நானேதான். எதிர்ப்பக்கம் சுத்தினா முனைய மாத்திப் போடணும்னு தெரியுமா தெரியாதா, அத மொதல்ல சொல்லுங்க."

"தெரியும்மா! சத்தியமா தெரியும்!"

திரைச்சீலைக்குப் பின்னால் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போனிலேயே விலாசம் கேட்டுக்கொண்டு, மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். நாலு மணி நேரப் பயணம். "நீ எதுக்கு?" என்றதற்கு, "பன்னிரண்டு வருஷம் தூசி தட்டினவளுக்கு ஆளப் பாக்க உரிமை இல்லையா?" என்றார் மனைவி. டப்பாவிலிருந்த நாற்பதோடு மோட்டார்க்காரர் வட்டிக்கென்று இன்னும் இருபதாயிரம் சேர்த்துப் பைக்குள் வைத்திருந்தார். ஒரு மனிதன் தாழ்ந்து போனாலும் கணக்கில் உசந்து போகலாம் அல்லவா?

அந்தக் கடையும் ஒரு முனையில்தான் இருந்தது. பலகையில் ஒரு ஆணின் பேர். முன்னால் ஒருவர் பில் எழுதிக்கொண்டிருந்தார், அவர்தான் அந்த அம்மாவின் வீட்டுக்காரர். "அண்ணனப் பாக்க வந்தீங்களா? உள்ள போங்க," என்று கண்ணைச் சிமிட்டினார். உள் அறையில் அதே வார்னிஷ் வாசனை. சுவரோரம் கம்பி உருளைகள் தடிமன் வாரியாக, ஒன்றுகூட இடம் மாறாமல் அடுக்கியிருந்தன. ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து காயில் இறக்கிக்கொண்டிருந்தார். மோட்டார்க்காரர் முகத்தைப் பார்க்கவில்லை, கம்பி இறங்குகிற பள்ளத்தை, காடியைத்தான் பார்த்தார். கம்பி ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், தலைவாரிச் சடை போட்ட மாதிரி படிந்திருந்தது.

"ஒரு சுத்து கூடல, ஒரு சுத்து குறையல," என்றார் தன்னை அறியாமல். வேறு யாரைப் பற்றியும் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"உக்காருங்க," என்றார் அந்த அம்மா. "எங்க மாமியார் வெச்ச பேரு அது. பத்தவும் மாட்டேன், தூக்கி எறியவும் முடியாதாம். மன்றத்துல பேர் கேட்டாங்க, அதையே குடுத்துட்டேன்."

"ஏம்மா, ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே, பொம்பளைன்னு?"

"இந்தக் கடை வாசல்ல வந்து நிக்கிறவன் மொதல்ல கேக்குறது என்ன தெரியுமா? ஆம்பளை யாரும் இல்லையான்னுதான். நான் நோயச் சொன்னாலும் வீட்டுக்காரர்கிட்ட இன்னொரு தடவை கேட்டுப்பான். அங்க ஒருத்தனும் கேக்கல. தப்புன்னு சொன்னா தப்புன்னு எடுத்துக்கிட்டான். அந்தச் சொகத்த ஏன் கெடுத்துக்கணும்?"

"அப்புறம் ஏன் போனீங்க? அந்தக் கறுப்புக்கண்ணாடிப் பயலாலயா?"

"அவன் கிடக்கான். நாலு திட்டுக்கு ஓடுறவளா நான்?" அந்த அம்மா கம்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உங்களாலதான்."

"என்னாலயா!"

"எங்க அண்ணன் ஆயிரம் ஆம்பளைக்குச் சமம்டான்னு எழுதினீங்களே. படிச்சிட்டு நானும் இவரும் ஒரு நாள் பூரா சிரிச்சோம். சிரிச்சு முடிச்சப்புறம்தான் யோசிச்சேன், இனிமே எப்படி வாயத் தொறக்குறது? ஆமான்னா பொய். இல்லன்னா அந்தப் பய ஜெயிச்சுடுவான், உங்க மானமும் போயிடும். சரி, பேசாம இருந்துக்கலாம்னு விட்டுட்டேன்."

மனைவி மோட்டார்க்காரரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? ஆறு வருஷம் ஆளத் தேடுனீங்களே, துரத்தினதே நீங்கதான்."

மோட்டார்க்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயும் சுவரில் தொங்கின இரும்புக் கூடுகள் அதிர்கிற மாதிரி சிரித்தார். வாசலில் பில் எழுதுகிறவரும் சேர்ந்துகொண்டார்.

"பதினாறு வருஷமா அண்ணேன்னேன். இப்ப தங்கச்சின்னு கூப்பிடணுமா?" என்று கண்ணைத் துடைத்தார்.

"அண்ணேன்னே கூப்பிடுங்க. பழகிடுச்சு."

"சரிண்ணே. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முகம் தெரியாத ஒருத்தனுக்கு நாற்பதாயிரத்த எப்படி அனுப்புனீங்க? ஏமாத்திட்டு ஓடியிருந்தா?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "பேரு இல்லாத எடம் அது. யாரு வேணா தன் தப்ப ஒத்துக்கலாம், ஒண்ணும் குறைஞ்சுடாது. ஆனாலும் ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான். எரிஞ்ச மோட்டாருக்கெல்லாம் கரண்டு மேலயும் கம்பெனி மேலயும்தான் பழி. என் வாய்க்கொழுப்புல நானே எரிச்சேன்னு எழுதின ஆளு நீங்க ஒருத்தர்தான். அப்படிப்பட்ட ஆளு காச வெச்சுக்கிட்டு ஓட மாட்டான்னு தோணுச்சு. ஏலச்சீட்டுல போட்டுச் சேத்து வெச்சிருந்த காசு அது. புதுசா ஒரு சுத்துற மிஷின் வாங்கலாம்னு."

மோட்டார்க்காரர் அவர் காலடியில் இருந்த எந்திரத்தைப் பார்த்தார். கையால் சுற்றுகிற பழைய எந்திரம். கைப்பிடி தேய்ந்து வழவழவென்றிருந்தது.

பைக்குள் கையை விட்டு மொத்தத்தையும் எடுத்தார். "அறுபது இருக்கு. வட்டியோட."

"நான் அனுப்பினது நாற்பது."

"பதினாலு வருஷம்ணே!"

"வட்டி வாங்கினா நான் வட்டிக்கடைக்காரி. அதுக்கு வேற பலகை மாட்டணும். நாற்பது குடுங்க, இல்லன்னா எடுத்துட்டுக் கிளம்புங்க."

"அடுத்தவன் காசு ஒரு காசு என்கிட்ட..."

"என் காசு நாற்பதுதான். மீதி உங்க காசு. உங்க காச வாங்கி நான் கடன்காரியாகணுமா?"

மனைவி அவர் கையிலிருந்து இருபதை உருவிப் பையில் போட்டுப் பையின் வாயைக் கட்டினார். "அவங்க கணக்கு அவங்களுக்குத் தெரியும். குடுக்கிறத எண்ணிக் குடுங்க."

அந்த அம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். விரல்களில் கம்பி அறுத்த தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. மோட்டார்க்காரர் தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அதே தழும்புகள், அதே இடத்தில். பிறகு கட்டை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, வாசலில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி உரக்க எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு ஆயிரத்தையும் நீவி, மடிப்பை எடுத்து, விரிந்த அந்த உள்ளங்கையில் வைத்தார். முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.